ஆமைத் தொட்டிக்கு மணல்: காரைக்குடிப் பக்கம் கிடைப்பதில் எது தேறும்?

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 8 மி.மீ. கண்ணாடி. உள்ளே ஒரே ஒரு சிவப்புக்காது ஆமை. ஓட்டின் நீளம் 12 செ.மீ. தொட்டி இருப்பது காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டில். வெறும் கண்ணாடித் தரையோடு இருந்த இந்தத் தொட்டிக்கு மணல் தேர்ந்தெடுத்து, சலித்து, கழுவிப் போட்ட வேலையின் பதிவு இது.

மணல் கட்டாயமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். சுத்தம் செய்யச் சுலபமானது வெறும் தரைதான். மணல் போட்டால் ஆமைக்குக் கிளற இடம் கிடைக்கும், நடக்கையில் கால் வழுக்காது, அடிக்கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் பார்த்து மிரளாது. இந்த லாபத்துக்காக வாராவாரம் கூடுதலாக அரைமணி நேர வேலை. அதற்குத் தயாரில்லை என்றால் மணல் பக்கமே போக வேண்டாம். ஓடு 7 செ.மீ.கூட எட்டாத குஞ்சு என்றாலும் வேண்டாம். குஞ்சு கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். குடலோ ரொம்பக் குறுகல்.

ஊருணியிலும் கண்மாயிலும் பிடித்த பால் ஆமைக்கும், காட்டுப் பக்கம் எடுத்து வந்த நட்சத்திர ஆமைக்கும் இந்தப் பதிவு உதவாது. 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பருமன்தான் முதல் கேள்வி

ஆமைத் தொட்டியில் உயிரை வாங்குவது பொடிக்கல். மீன் தொட்டிக்கென்று விற்கும் 5 மி.மீ. முதல் 20 மி.மீ. வரையுள்ள கற்கள் ஆமையின் வாயில் நுழையும். குடலில் போய் நின்றுகொள்ளும். ஆகவே தொட்டிக்குள் போகும் எதுவும் ஒன்று, தப்பித்தவறி விழுங்கினாலும் கழிவோடு வெளியேறும் அளவுக்குப் பொடியாக இருக்க வேண்டும். அல்லது ஆமையின் தலையைவிடப் பெரிய கல்லாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள எந்த அளவும் கூடாது. ‘உருண்டைக் கல்தானே, குத்தாது’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டாம். அடைப்புக்கு உருண்டையும் ஒன்றுதான், கூரும் ஒன்றுதான்.

மணலில் எடுக்க வேண்டிய பருமன் 0.5 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை. கண்ணளவுக்குச் சொன்னால் உப்புமா ரவை. அதைவிட நைஸாக இருந்தால் மணல் கெட்டிப்பட்டு, அடியில் காற்றோட்டமில்லாமல் அழுகும். ஆமை கிளறும்போதெல்லாம் மிதந்து பம்புக்குள் போகும். 2 மி.மீ.க்கு மேல் போனால் கழிவும் தின்ற மிச்சமும் இடுக்கில் இறங்கிவிடும். மேலே தெரியாது, குழாய் வைத்து உறிஞ்சினாலும் வராது.

இங்கே என்ன கிடைக்கிறது

வீட்டு வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் இன்று குவிந்து கிடப்பது எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்துச் செய்தது. பூசுவதற்கான பி-சாண்டும் அதே கல்தான், கொஞ்சம் நைஸ். இரண்டும் ஆமைக்கு ஆகாது. உடைத்த கல்லுக்கு முனை மழுங்கியிருக்காது. ஆமை வயிற்றோட்டை அதில் தேய்த்துக்கொண்டே நகரும், நகத்தால் வாரும். ஓட்டில் விழும் கீறல் வழியாகக் கிருமி இறங்கினால் ஓடு அழுகும். அதோடு எம்-சாண்டில் கல்தூசு அதிகம். நமக்கு அது பல நாளைக்குக் கலங்கல்.

ஆற்று மணல் நல்ல மணல். தண்ணீரில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. ஆனால் ஆற்று மணல் என்று சொல்லி வருவதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. சவுடு கலந்து வரும், 4 மி.மீ. கல்லும் சேர்ந்தே வரும். ஆற்றில் இறங்கி நாமே அள்ளி வருவது சட்டப்படி தப்பு. பில்லோடு கடையில் வாங்குவதே சரி. ஒரு சாக்கு வாங்கினால் அதில் பாதியாவது சல்லடையில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

செம்மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டுச் செம்மண்ணில் களி உண்டு. தண்ணீரில் போட்டால் தேநீர் நிறம்தான், எந்த ஃபில்டரும் முழுக்கப் பிரிக்காது. அதில் வரும் சரளை உருண்டைகளோ விழுங்குவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும்.

தொண்டிப் பக்கம் போய்க் கடல் மணல் எடுத்து வருவதும் ஒரு வழக்கம். பார்க்க அழகு. உப்பைக் கழுவிவிடலாம்; சிப்பித்தூளைக் கழுவ முடியாது. கருமணல் கலந்திருந்தால் அது தனித் தொல்லை, கீழே சொல்கிறேன்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு பொறி பழைய வீட்டு மணல். வீட்டைப் புதுப்பிக்கும்போது பின்கட்டில் ஒதுக்கிய மணல் குவியல் பல வீடுகளில் உண்டு. பார்த்தால் நல்ல பழைய ஆற்று மணல் போலத்தான் இருக்கும். உடைத்த சுவரின் சுண்ணாம்புக் காரையும் புதிய வேலையின் சிமென்ட் கட்டியும் அதில் கலந்திருக்கும். தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும் இரண்டும் அவை. ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் மிஞ்சிய மணலுக்கும் இதே பேச்சுதான்: சிமென்டும் நிறப்பொடியும் ஒட்டியிருக்கும்.

மீன் கடையில் நீலம், ரோஸ் என்று பாக்கெட்டில் வருவது சாயம் பூசிய மணல். ஆமை கிளறிக் கிளறிச் சாயம் உரியும். ‘கால்சியம் மணல்’ என்று ஊர்வன பிராணிகளுக்கு விற்பது உலர்ந்த கூண்டுக்கானது; தண்ணீரில் கட்டி தட்டும்.

கடைசியில் தேறியது ஃபில்டர் மணல். போர் தண்ணீரில் இரும்பும் கலங்கலும் வருகிற வீடுகளில் மொட்டை மாடியில் ஒரு உருளை ஃபில்டர் நிற்குமே, அதன் வயிற்றில் நிரப்புவது. ஃபில்டர் மீடியா மாற்றித் தரும் கடைகளில் சாக்காகக் கிடைக்கும். சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணல், தூசு குறைவு. சாக்கில் 16/30 என்று போட்டிருந்தால் சுமார் 0.6 முதல் 1.2 மி.மீ.; 20/40 என்றால் சுமார் 0.4 முதல் 0.85 மி.மீ. இரண்டுமே சரிதான், இந்தத் தொட்டிக்கு 16/30. அதே கடையில் உருளையின் அடியில் போடும் கூழாங்கல்லையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது வேண்டாம், அதுதான் விழுங்கும் அளவு. சாக்கைப் பிரித்ததும் ஒரு பிடி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். சில சரக்கு உடைத்த படிகக்கல்லாக, ஊசி முனையோடு இருக்கும். விரலில் குத்தினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எவ்வளவு வேண்டும்

ஆழம் 2.5 செ.மீ. போதும். 120 × 45 × 2.5 = 13,500 கன செ.மீ., அதாவது 13.5 லிட்டர். உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, கொஞ்சம் கூடுதலாகவும் வரும். ஆக 20, 21 கிலோ. சலிப்பதிலும் கழுவுவதிலும் சேதாரம் உண்டு என்பதால் 25 கிலோ எடுத்தால் சரியாக இருக்கும். அதே அகலமுள்ள 3 அடித் தொட்டிக்கு, சேதாரத்தோடு 19 கிலோ.

‘நிறையப் போட்டால் இயற்கையாக இருக்கும்’ என்று 7, 8 செ.மீ. போடுகிறவர்கள் அடியில் ஒரு சாக்கடையைக் கட்டுகிறார்கள். முட்டையிடும் பெண் ஆமைக்கு ஆழமான மணல் தேவைதான், ஆனால் அது தண்ணீருக்கு வெளியே தனிப் பெட்டியில், ஈரமண்ணும் மணலும் கலந்து 20 செ.மீ.க்குக் குறையாமல். தொட்டியின் அடியில் அதற்கு வேலையில்லை.

எடையையும் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 40 கிலோ, தண்ணீர் 175 லிட்டர், மணல், கல் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்கு வரும். பழைய மர மேசை தாங்காது. இரும்பு ஸ்டாண்ட், அதன் மேல் பிளைவுட், தெர்மாகோல்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

எந்த மணலாக இருந்தாலும் சாக்கு வாங்குமுன் ஒரு கிலோ மாதிரி கேட்டு வாங்கி வந்து பார்ப்பது நல்லது.

பாட்டில் சோதனை கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல், கழுத்து வரை தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு. ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, சமதளத்தில் 3 மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். மணல் உடனே இறங்கும். அதன் மேல் வெண்ணெய் தடவினாற்போல் ஒரு படலம் நிற்கும், அது சவுடு. ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு தெரிந்துவிடும்: மணல் 8 செ.மீ., படலம் 8 மி.மீ. என்றால் 10 சதம். கட்டட வேலைக்கு 8 சதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். தொட்டிக்கு 3 சதத்துக்கு மேல் இருந்தால் கழுவி மாளாது. மறுநாளும் மேல் தண்ணீர் தெளியவில்லை என்றால் களி கலந்திருக்கிறது. அந்தச் சரக்கே வேண்டாம்.

அடுத்தது வினிகர். உலர்ந்த மணல் இரண்டு ஸ்பூன் ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு, வெள்ளை வினிகரைக் கொஞ்சம் சூடாக்கி ஊற்றி, காதருகில் பிடிக்க வேண்டும். நுரைத்தாலோ சிறுசிறு இரைச்சல் கேட்டாலோ சிப்பி, சுண்ணாம்பு, சிமென்ட் ஏதோ ஒன்று உண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சிப்பித்தூள். சிவப்புக்காது ஆமை அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரில் இன்னும் சுண்ணாம்பு ஏறி ஓட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளை படியும். கட்டி கட்டியாக நுரைத்தால் காரை. அந்த மணலைத் தொட வேண்டாம். இந்தச் சோதனையை ஆத்தங்குடித் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். அது சூளையில் சுடாத சிமென்ட் கல். ஒரு சொட்டு வினிகர் சிந்தினாலும் அந்த இடத்தில் பளபளப்பு போய் வெளுத்த வட்டம் விழும். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் பழையபடி வராது.

மூன்றாவது காந்தம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் உழ வேண்டும். பையில் கருப்பு மீசை முளைத்தால் இரும்புத்தாது மணல் இருக்கிறது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரும் ஒரு காந்தம்தான். இந்தக் கருமணல் அதில் ஒட்டிக்கொண்டு அச்சை அரைக்கும். கரகர சத்தம் வரும், பிறகு பம்பு நின்றுவிடும். லேசாக இருந்தால் மணலைத் தாம்பாளத்தில் பரப்பிக் காந்தத்தாலேயே வாரி எடுத்துவிடலாம்.

கடல் மணலா என்று சந்தேகம் வந்தால், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரு கிலோ மணலை ராத்திரி ஊறவைத்து, முன்னும் பின்னும் டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) பார்க்கலாம். நூறு, இருநூறு என்று ஏறியிருந்தால் உப்பு.

சலிப்பதும் கழுவுவதும்

ஃபில்டர் மணலுக்குச் சல்லடை அநேகமாகத் தேவைப்படாது. ஆற்று மணலுக்குக் கட்டாயம். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியில் துளை ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். அதை ஒரு மரச்சட்டத்தில் அடித்து மணலைச் சலித்தால் மேலே நிற்பதெல்லாம் கழிவு. கீழே விழுந்ததை மாவுச் சல்லடையில் போட்டால் தூசு இறங்கி, மேலே நிற்பது நமக்கான மணல். அந்தச் சல்லடை அப்புறம் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. ஆமையின் உடம்பில் சால்மோனெல்லாக் கிருமி சாதாரணமாகவே இருக்கும். தொட்டிக்கென்று வந்த சல்லடை, வாளி, குவளை எல்லாம் தொட்டிக்கே. உலர்ந்த மணலைச் சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கழுவ 20 லிட்டர் வாளி, ஒரு தடவைக்கு 5 கிலோ மணல். அதற்கு மேல் போட்டால் அடிமணலில் கை போகாது, தூசு அப்படியே தங்கிவிடும். ஹோஸ் குழாயின் முனையை மணலுக்குள் அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்து, மற்றக் கையால் கீழிருந்து மேலாகப் புரட்ட வேண்டும். வாளி நிறைந்ததும் பத்து எண்ணும் வரை பொறுத்து மேல் தண்ணீரைச் சாய்க்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் நல்ல மணல் இறங்கிவிடும், மிதப்பது எல்லாம் போக வேண்டியது. ஃபில்டர் மணலுக்கு நாலைந்து தண்ணீர் போதும். ஆற்று மணலுக்குப் பத்து, பன்னிரண்டு ஆகும். நிறைந்த வாளியில் கையை விட்டுக் கலக்கியபின், அடியில் விரல் நகம் தெரிந்தால் நிறுத்தலாம்.

கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள். முற்றத்துச் சாக்கடைத் துவாரத்தில் ஊற்றினால் மணல் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். பழைய வீட்டில் அந்தக் குழாய் எந்தத் தரைக்கடியில் ஓடுகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

சோப்போ பிளீச்சிங் பவுடரோ வேண்டாம். மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து ஒரு விரல்கடை கனத்தில் பரப்பி, நடுவில் ஒருமுறை புரட்டி, சித்திரை வெயிலில் இரண்டு நாள் காயவிட்டால் அதுவே போதும். பூனை வரும், வலை போட்டு மூடுங்கள்.

தொட்டியில் போடுதல்

ஆமையைத் தனித் தொட்டிக்கு மாற்றி, ஃபில்டரை நிறுத்தி, பெரிய கல்லையும் வெயில் காயும் மேடையின் காலையும் முதலில் நேராகக் கண்ணாடித் தரையில் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் மணல். மணலுக்கு மேல் கல்லை வைத்தால் ஆமை அடியில் தோண்டித் தோண்டிக் கல் சரியும். ஆமையின் மேல் விழும், இல்லையென்றால் கண்ணாடியில் மோதும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டு.

மணலை ஈரமாகவே போட்டு, முன்பக்கம் 2 செ.மீ., பின்பக்கம் 3 செ.மீ. என்று லேசான சரிவாக நிரவலாம். கழிவு முன்பக்கம் உருண்டு வரும், எடுக்கச் சுலபம். மணல் மேல் ஒரு தட்டை வைத்து, தண்ணீரைத் தட்டின் மேல் விழும்படி மெல்ல விட வேண்டும். ஃபில்டரின் உறிஞ்சு வாய் மணலிலிருந்து 6, 7 செ.மீ. மேலே இருக்கட்டும்; வாயில் ஒரு ஸ்பாஞ்சு மாட்டிவிடுங்கள். ஒருநாள் தெளியவிட்டு, அப்புறம் ஃபில்டர், அதற்கப்புறம் ஆமை.

இரண்டாம் நாளே தெளிந்த தண்ணீர் நாலைந்து நாள் கழித்துப் பால் கலந்தாற்போல் மங்கினால் மணலைக் குறை சொல்லாதீர்கள். அது புதிய தொட்டியில் பெருகும் நுண்ணுயிர். ஒரு தம்ளரில் பிடித்து வையுங்கள்: தூசு என்றால் ராத்திரிக்குள் அடியில் படியும், நுண்ணுயிர் என்றால் படியாது. கால் பங்கு தண்ணீர் மாற்றி, தீனியைக் குறைத்தால் தானே அடங்கும்.

பிறகு வரும் தொல்லைகள்

ஆமை மணலைத் தின்கிறதா என்பதைத்தான் முதல் சில வாரம் கவனிக்க வேண்டும். கழிவில் கொஞ்சம் மணல் தெரிவது சகஜம். வேலை மெனக்கெட்டு வாய் நிறைய அள்ளுகிறது என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரைத் துண்டை (கணவாய் ஓடு) இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பெடுத்து மிதக்கவிடுங்கள். புற ஊதா விளக்கின் வயதையும் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தாலும் நாளாக நாளாக அதன் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். தீனி எடுக்காமல், கழிவும் போகாமல், முக்கிக்கொண்டோ ஒருபக்கம் சாய்ந்து மிதந்துகொண்டோ இருந்தால் கை வைத்தியம் வேண்டாம். எக்ஸ்-ரே எடுக்க வசதியுள்ள கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வாரச் சுத்தத்துக்கு அரை அங்குலக் குழாய் போதும். முனையை மணலில் குத்தாமல், ஒரு விரல் உயரத்தில் பிடித்து வட்டமாகச் சுழற்றினால் கழிவு மட்டும் எழும்பிக் குழாயில் போகும். மணலும் ஏறினால் குழாயைக் கொஞ்சம் நெரித்துப் பிடித்தால் இறங்கிவிடும். முதல் உறிஞ்சலை வாயால் இழுக்காதீர்கள்.

சுத்தம் செய்யும்போதே ஒரு குச்சியால் மணலை அங்கங்கே கீறிவிட வேண்டும், கல்லின் ஓரத்தையும் சேர்த்து. ஆமை போகாத மூலையில்தான் அழுகல் தொடங்கும். பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மணலுக்குள் கருப்புத் திட்டு தெரியும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத இடத்தில் கழிவு மக்கி வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. ஆமை உள்ளே இருக்கும்போது அதைக் கிளறக் கூடாது. ஆமையை வெளியே எடுத்து, அந்தத் திட்டை மட்டும் குழாயால் மணலோடு உறிஞ்சி எறிந்துவிட்டு, பாதித் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும். காரைக்குடி வெயிலில், அதுவும் தொட்டி முற்றத்து ஓரத்தில் இருந்தால், தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற அழுகல் வேகம் கூடும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறையும். கனத்த சுண்ணாம்புச் சுவருள்ள உள்கட்டில் வைப்பதற்கு அதுதான் காரணம். கோடையில் கீறும் வேலையை வாரம் இரண்டு தடவையாக்கினால் நல்லது.

குழாயோடு போகும் மணலுக்கு ஈடாக அவ்வப்போது ஒரு கிலோ, இரண்டு கிலோ சேர்க்க வேண்டி வரும். கழுவிக் காயவைத்ததில் மிஞ்சியதை மூடிய வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். கழித்த பழைய மணலை ஊருணிக் கரையில் கொட்ட வேண்டாம். தொட்டி நத்தை முட்டையும் கிருமியும் அதோடு போய் இறங்கும். நன்றாகக் காயவைத்துத் தென்னைப் பாத்தியில் போடலாம். கீரைப் பாத்தியில் போடக் கூடாது.